உயில் நகல்களையும் பத்திர நகல்களையும் குவாண்டம் கணினியிடமிருந்து காக்க இப்போது என்ன செய்ய வேண்டும்?

கட்டுக்காரர் (கே.கே. நகர், மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கே.கே. நகரில் ஐந்து பேர் மட்டும் பணிபுரியும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடமிருந்து பழைய வழக்குக் கட்டுகளைப் பெற்று, தாள் தாளாக ஸ்கேன் செய்து, பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்தால் உடனே கிடைக்கும்படி அடுக்கித் தருவதுதான் எங்கள் தொழில். பாகப்பிரிவினைப் பத்திரங்கள், மூலப் பத்திர நகல்கள், எழுதியவர் இன்னும் உயிரோடிருக்கும் உயில்கள், குடும்ப வழக்குகளில் தாக்கலான மருத்துவச் சான்றுகள் என்று வெளியே கசியக் கூடாதவை அவற்றில் ஏராளம். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய நகல்கள் சென்னையில் நாங்கள் வாடகைக்கு எடுத்துள்ள சர்வருக்கு விபிஎன் (இணையத்துக்குள் குறியாக்கம் செய்த தனிப்பாதை) வழியாகச் செல்கின்றன. ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்த பிறகே கோப்புகளை அனுப்புகிறோம்.

சென்ற மாதம் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். குவாண்டம் கணினி வந்த அன்றே இன்றுள்ள குறியாக்கம் அனைத்தும் உடைந்துவிடும் என்றும், தம் நிறுவனத்தின் 'குவாண்டம் பாதுகாப்புப் பெட்டி'யை மதுரையிலும் சென்னையிலும் பொருத்துவதே ஒரே வழி என்றும் சொன்னார். அவர் சொன்ன விலை எங்கள் அலுவலகத்தின் ஓராண்டு வாடகையைவிட அதிகம். அதை அத்தோடு மறந்திருப்பேன். ஆனால், எங்களுக்கு அதிகக் கட்டுகளைத் தரும் மூத்த வழக்கறிஞர் ஒருவரும் இதே கேள்வியை எழுத்தில் கேட்டிருக்கிறார். அவருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். ஏஇஎஸ்-256 இருக்கும்போது எங்களுக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா, உண்டென்றால் பெட்டி வாங்காமல் அதைக் குறைக்க வழி உண்டா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பசுமலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பிரதிநிதி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியையும் அவர் வேறு இடத்தில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்.

குறியாக்கத்தில் இரண்டு வகை உண்டு. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்துவது ஒரு வகை. ஏஇஎஸ் அதில் சேரும். ஊரறியக் கொடுக்கும் பொதுச் சாவியால் பூட்டி, நம்மிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவியால் திறப்பது மற்றொரு வகை. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டிய சாவிப் பரிமாற்றம், 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ, 1985இல் கோப்ளிட்சும் மில்லரும் தனித்தனியே முன்வைத்த எலிப்டிக் கர்வ் முறை ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் வலிமை முழுவதும் இரண்டு கணக்குகளின் கடினத்தில்தான் இருக்கிறது: பெரிய எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிப்பது ஒன்று, தனித்த மடக்கை காண்பது மற்றொன்று. போதிய அளவும் துல்லியமும் கொண்ட குவாண்டம் கணினி இந்த இரண்டையும் விரைவில் முடித்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் நிறுவினார். ஏஇஎஸ் விஷயத்தில் அப்படிப்பட்ட குறுக்கு வழி எதுவும் தெரியவில்லை. 1996இல் குரோவர் கண்ட தேடல் முறை சாவியின் வலிமையைப் பிட் கணக்கில் பாதியாக்கும். 256 பிட் சாவி 128 பிட் சாவியைப் போல் நிற்கும். அதுவே எந்த இயந்திரத்துக்கும் எட்டாத உயரம். ஆகவே, குறியாக்கம் அனைத்தும் உடையும் என்பது தவறு. சாவியைக் கைமாற்றும் முறைகளும் டிஜிட்டல் கையொப்பமுமே உடையும்.

அந்த இயந்திரம் இன்று இல்லையே, ஏன் இப்போதே கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மேலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து மாங்குளத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள குகைக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் கண்டது 1882இல். அவற்றைத் தமிழ் என்று இனங்கண்டு காட்ட 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வரவேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத காலத்திலும் எழுத்து கல்லிலேயே காத்திருந்தது. இன்று இணையத்தில் போகும் உங்கள் தரவை ஒருவன் அப்படியே பிடித்துச் சேமித்துவைத்தால், திறக்கும் கருவி கைக்கு வரும்வரை அவனும் காத்திருக்கலாம். உடைப்பு பிற்காலத்தில் நடக்கும். திருட்டு இன்றைக்கே நடந்து முடிந்துவிடும்.

இதை அளக்க மிக்கேல் மோஸ்கா என்னும் ஆய்வாளர் எளிய கணக்கொன்று தந்திருக்கிறார். தரவு எத்தனை ஆண்டுகள் இரகசியமாக இருக்க வேண்டுமோ அதோடு, புதிய முறைக்கு மாற நமக்கு ஆகும் ஆண்டுகளைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை, குவாண்டம் கணினி வர ஆகும் ஆண்டுகளைவிட அதிகமானால் நாம் ஏற்கெனவே பிந்திவிட்டோம். கடன் அட்டையின் ஒருமுறைக் கடவு எண் சில நிமிடங்கள் வாழ்ந்தால் போதும். ஐம்பது வயதுக்காரர் எழுதிய உயில் முப்பது ஆண்டுகளாவது மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுகளில் எவை எந்தப் பக்கம் சேரும் என்று பிரிப்பதே முதல் வேலை.

கணினி எப்போது வரும் என்று என்னால் நாள் குறிக்க இயலாது. ஆனால், கணக்கு எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரிகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ-வை உடைக்க, பிழைகள் நிறைந்த 2 கோடி கியூபிட்டுகளும் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கிட்னியும் எக்கரோவும் மதிப்பிட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, 10 இலட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகளும் ஒரு வாரத்துக்கும் குறைவான காலமும் போதும் என்று காட்டினார். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் இருப்பவை 105 கியூபிட்டுகள். தொலைவு இன்னும் பெரிதுதான். ஆனால் மலை நம்மை நோக்கி நகர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மாற்று முறைகள் கனவில் இருப்பவையும் அல்ல. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016இல் உலகெங்கும் அழைப்பு விடுத்து, வந்தவற்றை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துப் பார்த்த பிறகு, 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, ஹாஷ் சார்புகளை (ஓர் ஆவணத்திலிருந்து கைரேகை போன்ற சிறு மதிப்பைக் கணக்கிட்டுத் தருபவை) மட்டுமே நம்பும் கையொப்பமாக எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. முதல் இரண்டும் லாட்டிஸ் என்னும் புள்ளிப் பின்னல் கணக்கில் நிற்பவை. சுங்குடிச் சேலையை விரித்து, புள்ளிகளுக்கு இடையே ஓரிடத்தில் ஊசியை வைத்து, இதற்கு மிக அருகில் உள்ள புள்ளி எது என்று கேட்டால் குழந்தைகூடக் காட்டிவிடும். அதே சேலைக்கு நீள அகலம் மட்டுமின்றி நூற்றுக்கணக்கான திசைகள் இருந்து, புள்ளி வரிசைகளும் கோணல்மாணலாக விவரிக்கப்பட்டிருந்தால், அந்த அருகிலுள்ள புள்ளியைக் காண இன்றைய கணினிக்கும் வழி தெரியவில்லை, குவாண்டம் கணினிக்கும் வழி தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். இயலாது என்று எவரும் நிறுவவில்லை. போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்னும் முறையை, 2022இல் காஸ்ட்ரிக்கும் டெக்ரூவும் ஒரே ஒரு கணினிக் கருவைக் கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். அதனால்தான் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்துப் பின்னிய கலப்பு முறையை இப்போது பயன்படுத்துகிறார்கள். இரண்டில் ஒன்று நின்றாலும் இரகசியம் நிற்கும்.

பெட்டி பற்றி ஒரு சொல். அது ஒளித்துகள்களால் சாவி அனுப்பும் கருவி என்றால், அதற்குத் தனிக் கண்ணாடி இழை வேண்டும். சாதாரண இணைய இணைப்பில் ஓடாது. மதுரைக்கும் சென்னைக்கும் உள்ள 450 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை, வழியில் நம்பகமான இடைநிலையங்கள் இல்லாமல் அது தாண்டாது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதன் மையம் சென்னை ஐஐடியில்தான் இருக்கிறது. நாட்டுக்குத் தேவையான ஆய்வு அது. ஐந்து பேர் அலுவலகத்துக்குத் தேவையான கொள்முதல் அல்ல.

இலந்தைக்குளம் சர்வர்க்காரர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் கொள்கையளவில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. நடைமுறையில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கோப்பு ஏஇஎஸ்-256இல் பூட்டப்படுகிறது என்றீர்கள். அந்த ஏஇஎஸ் சாவி எங்கே இருக்கிறது? கதவு தேக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. சாவியைத் தகரப் பெட்டியில் போட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறீர்களா என்பதுதான் ஐயம். காப்புக்கோப்பு மென்பொருளின் அமைப்புகளையும் விபிஎன் எந்த வகை என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கட்டுக்காரர் எழுதியது:

பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்ன தகரப் பெட்டி அங்கேயே தொங்குகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஓர் ஏஇஎஸ் சாவி உருவாகிறது. அந்தச் சாவியை எங்கள் அலுவலகத்தின் ஜிபிஜி (குறியாக்க மென்பொருள்) பொதுச் சாவியால் பூட்டி, கோப்பின் தலைப்பகுதியிலேயே சேர்த்து அனுப்புகிறது மென்பொருள். அந்தப் பொதுச் சாவி, அலுவலகம் தொடங்கிய 2016இல் உருவாக்கிய 2048 பிட் ஆர்எஸ்ஏ. விபிஎன் வயர்கார்டு என்னும் மென்பொருள், அதை அமைத்த பையன் இப்போது பெங்களூருவில் இருக்கிறான். இதற்கிடையில் திருமங்கலத்திலிருந்து என் உறவினர் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தார். அவரையே இங்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இலந்தைக்குளம் சர்வர்க்காரர் எழுதியது:

எண்ணியபடிதான் இருக்கிறது. ஆர்எஸ்ஏ உடைந்தால் தலைப்பகுதியில் உள்ள ஏஇஎஸ் சாவி வெளியே வரும். அதன் பிறகு 256 பிட் என்பது பெயரளவில்தான்.

இதைச் சரிசெய்யப் புதிய கணிதம் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். முன்பின் அறியாத இருவர் இரகசியம் பேச வேண்டிய இடத்தில்தான் பொதுச் சாவி இன்றியமையாதது. உங்கள் காப்புக்கோப்பைப் பூட்டுபவரும் நீங்களே, திறப்பவரும் நீங்களே. அப்படியிருக்க நடுவில் ஆர்எஸ்ஏ எதற்கு? நேராக ஒரே சாவி முறையில் பூட்டும் காப்புக்கோப்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தற்செயலாக உருவாக்கிய நீண்ட சாவி ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டால், ஷோரின் முறைக்குப் பிடிப்பதற்குக் கொம்பே இராது.

விபிஎன்னுக்கும் அதே வழிதான். வயர்கார்டு தன் சாவிப் பரிமாற்றத்துக்கு எலிப்டிக் கர்வ் முறையைப் பயன்படுத்துகிறது. அது குவாண்டம் கணினிக்கு முன் நிற்காது. ஆனால், இரு முனைகளும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட 256 பிட் சாவி ஒன்றைக் கூடுதலாகக் கலக்கும் வசதியை அதை வடிவமைத்தவர்கள் இதற்காகவே வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் ஒவ்வொரு வரி சேர்த்தால் போதும். ஒரே நிபந்தனை, அந்தச் சாவியை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பக் கூடாது. தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, வைகை எக்ஸ்பிரஸில் நீங்களே கொண்டுபோய்ச் சென்னை சர்வரின் முன் அமர்ந்து உள்ளிடுங்கள். பெட்டிக்காரர் சொன்ன தொகைக்கும் ரயில் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வழக்கறிஞர்கள் உலாவியில் உள்நுழைந்து கட்டுகளைப் பார்க்கும் தளம் உங்களிடம் இருக்குமானால், அங்கே மட்டும் பொதுச் சாவி இல்லாமல் தீராது. தள இணைப்புகளைக் குறியாக்க சர்வர்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில், 2025 ஏப்ரலில் வந்த 3.5 பதிப்பில் எம்எல்-கெம் உள்ளேயே இருக்கிறது. குரோம் 2024 முதலே கலப்பு முறையைத் தானாகக் கேட்கிறது. ஆகவே, சர்வர் மென்பொருளைப் புதுப்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் 10.0 பதிப்பிலும் கலப்பு முறையே இயல்பு நிலை.

இதில் நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்25519 என்னும் பழைய எலிப்டிக் கர்வ் முறையில் பொதுச் சாவி 32 பைட்; எம்எல்-கெம்-768இல் அது 1,184 பைட். இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தி அதனால் ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்து போகும். நான் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்த பழைய ஃபயர்வால், முதல் பாக்கெட்டிலேயே செய்தி முழுவதும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, இரண்டாவதை எறிந்துவிட்டது. தளம் சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் வீணாக இணைய நிறுவனத்தோடு சண்டையிட்ட பிறகுதான் குற்றவாளி எங்கள் அலமாரியிலேயே அமர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். நீங்கள் மாற்றும்போது விடுமுறை நாளில் மாற்றுங்கள்.

திருமங்கலத்தான் எழுதியது:

சிரித்த உறவினர் நான்தான். 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 7 கியூபிட்டுகளைக் கொண்டு ஷோர் முறையில் 15ஐ 3, 5 என்று பிரித்துக் காட்டினார்கள். நம் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாய்ப்பாட்டிலேயே சொல்வார்கள். கால் நூற்றாண்டாகியும் ஆர்எஸ்ஏ நின்றுகொண்டுதான் இருக்கிறது. நான் மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குப் போனபோது, ஸ்கேனர் இணைந்த கணினியின் கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தது. கோப்புகளை முடக்கிப் பணம் பறிக்கும் கூட்டத்துக்கு அதுவே போதும். அவர்கள் குவாண்டம் கணினிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மேலும் ஒன்று: ஒரே சாவி முறைக்கு மாறுகிறேன் என்று சொல்லி அந்தத் தாளைத் தொலைத்துவிட்டால், எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. உங்கள் குறியாக்கமே உங்களுக்கு எதிரியாகிவிடும்.

பசுமலை ஆசிரியர் எழுதியது:

மஞ்சள் தாள் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அதை இன்றே கிழிக்க வேண்டும். சாவித் தாள் பற்றிய எச்சரிக்கையும் சரியானதே. அந்தத் தாளின் இரண்டு பிரதிகளை இரண்டு உறைகளில், இரண்டு வெவ்வேறு வங்கி லாக்கர்களில் வைப்பது நல்லது. 15ஐப் பிரித்த கதையைப் பொறுத்தவரை மட்டும் மாறுபடுகிறேன். நூறாண்டுக்குள் ஆறு பெருகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால், ஆற்றுப்படுகையில் வீடு கட்டுபவன் நேற்றுவரை வைகையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது கணக்காகாது. 112 பிட் வலிமையுள்ள ஆர்எஸ்ஏ, எலிப்டிக் கர்வ் முறைகளை 2030க்குப் பின் தவிர்க்க வேண்டும் என்றும், இவ்வகை முறைகள் அனைத்தையும் 2035க்குப் பின் அனுமதிப்பதில்லை என்றும் நிஸ்ட் 2024 நவம்பரில் வரைவு வெளியிட்டிருக்கிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ அந்த 112 பிட் கணக்கில்தான் வரும்.

தல்லாகுளம் வழக்கறிஞர் எழுதியது:

நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்ல. சொத்து வழக்குகளை நடத்துபவள். இங்கு எல்லோரும் இரகசியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை கையொப்பம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 3ஆம் பிரிவு டிஜிட்டல் கையொப்பத்தைப் பொதுச் சாவி முறையின் மேல்தான் நிறுத்தியிருக்கிறது. அந்த முறை உடைந்த பிறகு, 2025ஆம் ஆண்டின் நாளிட்டு ஒருவன் போலி ஆவணத்தைக் கையொப்பத்தோடு உருவாக்கிக் கொண்டுவந்தால், உண்மையான ஆவணத்தையும் அதையும் நீதிமன்றம் எப்படிப் பிரித்தறியும்? உயிலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் அட்டவணையே சொல்வதால், உயில்கள் தாளிலும் மையிலும் இருப்பது இப்போதைக்கு ஆறுதல்.

எனக்குத் தோன்றும் தீர்வு பழைய பதிவேடுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டுக்காரர், ஸ்கேன் செய்யும் அன்றே ஒவ்வொரு கட்டின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் மதிப்பையும் அச்சிட்டு, தைத்த பதிவேட்டில் ஒட்டி, வழக்கறிஞரும் அவரும் நாளிட்டுக் கையெழுத்திட்டால், பிற்காலத்துப் போலியை மடக்க அது துணைச் சான்றாக நிற்காதா? ஆசிரியர் ஐயா இதில் கணிதப் பிழை இருந்தால் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துபோன கட்டுகளின் நகல்கள் இருபது ஆண்டுகளாக ஏன் சென்னையில் கிடக்க வேண்டும்? கட்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அழித்துவிடலாமே. இல்லாத நகலை எந்தக் கணினியும் படிக்காது.

பசுமலை ஆசிரியர் எழுதியது:

அம்மா, கணிதத்தில் பிழை இல்லை. ஒரே ஹாஷ் மதிப்பு வரும்படி வேறொரு ஆவணத்தைப் புனைவதற்கு எஸ்எச்ஏ-256இல் குவாண்டம் கணினிக்கும் நடைமுறைக்கு உகந்த குறுக்கு வழி தெரியவில்லை. எஸ்எல்எச்-டிஎஸ்ஏ என்னும் புதிய கையொப்பமும் இதே நம்பிக்கையில்தான் நிற்கிறது; என்ன, அதன் கையொப்பம் மிகச் சிறிய வகையிலேயே 7,856 பைட் வரும், எலிப்டிக் கர்வ் கையொப்பம் 64 பைட்டில் முடிந்துவிடும். சான்றிதழ்ப் படிவத்தில் எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறைகளின் பெயர்களும் இருக்கும். இரண்டும் இன்றைய கணினியிலேயே உடைந்தவை. அவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கட்டுக்காரர் எழுதியது:

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மஞ்சள் தாளைக் கிழித்தாயிற்று. சென்ற சனிக்கிழமை சென்னைக்குப் போய் வயர்கார்டில் கூடுதல் சாவியை உள்ளிட்டுவிட்டு, இரவே பாண்டியனில் திரும்பினேன். புதிய காப்புக்கோப்புகள் ஒரே சாவி முறைக்கு மாறிவிட்டன. உறை ஒன்று என் லாக்கரிலும் மற்றொன்று திருமங்கலத்து மாமாவின் லாக்கரிலும் இருக்கின்றன. சிரித்தவருக்கே அந்தப் பொறுப்பு. தரக்கூடிய, அழிக்கக்கூடிய கட்டுகளின் பட்டியலை வழக்கறிஞர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்காரரிடம், உங்கள் கருவி நிஸ்ட்டின் எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது என்று மட்டும் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூத்த வழக்கறிஞருக்கு எழுதும் பதிலில் ஓரிடத்தில் நிற்கிறேன். 2016 முதல் இதுவரை இணையத்தில் போன கோப்புகளை எவரேனும் பிடித்து வைத்திருந்தால், அவற்றுக்கு என்ன செய்வது? பழைய ஆர்எஸ்ஏ தனிச் சாவியை அழித்துவிட்டால் பயன் உண்டா?

இலந்தைக்குளம் சர்வர்க்காரர் எழுதியது:

பயன் இல்லை. ஷோரின் முறை பொதுச் சாவியிலிருந்தே தனிச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடும். உங்களிடம் உள்ள பிரதி அழிந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிடித்து வைத்தவன் இருந்தால் அவனிடம் உள்ளதைத் திரும்பப் பெற வழி கிடையாது. அதை மூத்த வழக்கறிஞருக்கு அப்படியே எழுதிவிடுங்கள். எந்த நாளிலிருந்து புதிய முறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னை சர்வரில் கிடக்கும் பழைய கோப்புகளை மட்டும் மதுரைக்கு இறக்கி, திறந்து, புதிய முறையில் பூட்டி ஏற்றுங்கள். அந்த வேலை முடிந்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஓரிரு கோப்பையாவது திறந்து சரிபார்க்கும்வரை பழைய தனிச் சாவியின் மேல் கை வைக்காதீர்கள். அவசரப்பட்டு அழித்துவிட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திறக்கக் குவாண்டம் கணினிக்காகத் தானே காத்திருக்க நேர்ந்த அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும்.